ஜன்னல் வைத்த கார்டு

“ஏனுங்க சகாயம், நடுவுல எலி கடிச்சிருச்சுங்களா?”

தபால் ஆபீசில் ஸ்டாம்ப் கொடுக்கும் அண்ணன்தான் கேட்டார். டிசம்பர் பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. வெளியே மூட்டம் இறங்கி, எதிர்க்கடையின் போர்டுகூடத் தெரியவில்லை. ஏற்காட்டில் அந்த மாதத்தில் பத்து மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் எழுத வேண்டும். நான் கவுண்டர் பலகையில் என் கிறிஸ்துமஸ் கார்டுகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“எலி இல்லீங்கண்ணா. நாந்தான் வெட்டுனேன். ஜன்னலுங்க.”

“ஜன்னலா? அதுல என்ன தெரியும்?” ஒரு கார்டைப் பிரித்து, முன்தாளைக் கண்ணருகே பிடித்து, அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். “உங்க மூஞ்சிதான் தெரியுது.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“வருசா வருசம் உள்ள ரெண்டு பக்கத்துக்கு எழுதி வெப்பீங்க. இந்த வருசம் ஒண்ணையும் காணம். பேனா தீந்துருச்சுங்களா?”

“எழுத வரலீங்கண்ணா” என்றேன். அது பாதி உண்மைதான். மீதியைச் சொல்ல முடியாதபடி பின்னால் ஆட்கள் நின்றார்கள். இங்கே என் பின்னால் யாரும் நிற்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

மைதாவும் மயில்துத்தமும்

நான் கார்டு செய்ய ஆரம்பித்தது கல்யாணமான மறுவருடம். கடைக் கார்டில் பனியில் வழுக்கிப் போகும் வண்டியும் கலைமானும் இருந்தன. எங்கள் மலையில் கலைமான் ஏது? காட்டெருமைதான் உண்டு. ஒரு வருடம் மாட்டுக்கொட்டகையில் குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் ஒரு காட்டெருமையை வரைந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “சூசையப்பர் பயந்து ஓடியிருப்பாரு” என்றார். ஆனாலும் அனுப்பினேன்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. வரையவும் பெரிதாக வராது. அதனால் மலையில் கிடைப்பதை ஒட்டுவேன். காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. அதைப் பழைய காலண்டர் தாளுக்குள் வைத்து, மேலே அம்மிக் குழவியைப் படுக்கப் போட்டால் ஒரு வாரத்தில் தகடு மாதிரி ஆகிவிடும். ஆரஞ்சுத் தோலை நட்சத்திரமாக வெட்டி அடுப்பு மேல் கட்டிவிட்டால் காய்ந்து சுருளும். அந்தச் சுருள்தான் அழகு.

ஒட்டுவதற்கு மைதாப் பசை. எங்கள் ஊர் ஈரத்துக்கு அது இரண்டு நாளில் புளித்துவிடும், பூச்சி வேறு தின்னும். எங்கள் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். காப்பிக்கு மருந்தடிக்கச் சுண்ணாம்போடு கலக்கும் மயில்துத்தத்தில், கணக்கெழுதும் ரைட்டரிடம் கேட்டு ஒரு சிட்டிகை வாங்கி வருவார். அதைப் பசையில் போட்டால் பூச்சி அண்டாது. என்ன ஒன்று, காய்ந்த பிறகு இலையின் ஓரத்தில் லேசாக நீலம் பூக்கும். அது வேண்டுமென்று அடித்த வர்ணம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் மறுத்ததில்லை.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான திருவருகைக்காலம் தொடங்கும் முன் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, இந்த வருடம் ஆண்டவர் எனக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று யோசிப்பேன். அதுதான் அந்த வருடத்துக் கார்டு. ஜீப் கொண்டை ஊசி வளைவில் சறுக்கி, இவர் சிராய்ப்போடு தப்பிய வருடம், வளைவுக்கு ஒரு விளக்கு வைத்து மலைப்பாதையை ஒட்டினேன். மகள் நர்சிங் படிக்கச் சேலம் இறங்கிய வருடம் காலிக் கூடு ஒன்று. முதல் வருடத்தில் வெறும் ஜிகினா. அப்போது நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான் போல.

மகள் சொல்வாள்: “ஒண்ண மட்டும் செஞ்சு போட்டோ எடுத்து எல்லாருக்கும் வாட்ஸப்புல போட்டுரும்மா. எதுக்கு இந்தப் பாடு?” ஒரு வீட்டுக்கான கார்டை ஒட்டும் நேரம் முழுக்க அந்த வீட்டுக்காரர்கள் என் கண்முன் இருப்பார்கள். அதுவே எனக்கு ஒரு ஜெபம். இல்லை, ஜெபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தையின் கட்டில்

இப்போது கார்டு காயவைக்கும் பின் அறையில்தான் என் மாமியாரின் கட்டில் கிடந்தது. சில வருடங்களுக்கு முன் அத்தை விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. கடைசி ஐந்து மாதமும் படுக்கைதான். குளிப்பாட்டியது, துடைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் நான். அதைப் பாரமாகச் செய்யவில்லை. அத்தை நல்ல மனுஷி.

அத்தைக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் என் வீட்டுக்காரர் அந்தோணி. இளையவர் சவரி, கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட்டில் வேலை. சவரியின் மனைவி லூர்து என் ஓரகத்தி. அத்தை என்னைப் பெரியவ என்றும் அவளைச் சின்னவ என்றும்தான் கூப்பிடுவார்.

அந்த ஐந்து மாதத்தில் கோயிலில் என் பெயர் பெரிதாகிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால், “சகாயம் மாதிரி மருமக கெடைக்கணுமே” என்பார்கள். ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிப் பேசினார்கள். பெயர் சொல்லாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அந்த நாட்களில் ஒருநாள் லூர்து வந்தாள். ஆட்டுக்கால் சூப்பைத் தூக்குப்போசியில் ஊற்றி, சூடு ஆறாமல் துண்டைச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

“அத்தை எப்படியிருக்காங்கக்கா?”

“இப்பத்தான் கண்ணசந்தாங்க. எழுப்பக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்குது.”

அத்தையை வந்து பார்த்துப் போகும் நர்சம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அத்தை உள்ளே முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

“சித்த நேரம் ஒக்காந்து பாத்துட்டுப் போறனே.”

“அடுத்த பஸ்ஸு போயிருச்சுன்னா உனக்கு மூணு மணிதான், கண்ணு. பனி வேற எறங்குது. போயிட்டு வா.”

தூக்குப்போசியை வாங்கிக்கொண்டேன். அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூட்டத்துக்குள் நடந்து போனாள். அப்புறம் வரவில்லை. அத்தை இறந்த அன்று எல்லோருக்கும் பின்னால் நின்று அழுதுவிட்டுப் போனாள்.

நான் ஊர் முழுக்கச் சொன்னேன், சின்னவ எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று. சொல்லிச் சொல்லி அதையே நம்பியும் விட்டேன். இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் மனசு அப்படித்தான் செய்தது. அந்த வாசற்படி எனக்கு மறந்தே போயிற்று.

போன வருடத்துக் கார்டு

போன வருடம் திருவருகைக்காலத்துக்கு முன் உட்கார்ந்து யோசித்தபோது, மன்னிப்பு என்று தோன்றியது. ஆண்டவர் என்னைக் கொண்டு லூர்துவை மன்னிக்க வைத்துவிட்டார், எனக்கு அவள்மேல் கோபமே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. கண்ணீர் வந்தது. அவ்வளவு நல்ல கார்டுகளை நான் அதற்கு முன் செய்ததில்லை. சில்வர் ஓக் இலையை வெள்ளிப்பக்கம் தெரியத் திருப்பி ஒட்டினேன். மனம் திரும்புவது அதற்கு அர்த்தம்.

லூர்துவின் கார்டில் மட்டும் உள்ளே கூடுதலாக ஒரு வரி எழுதினேன். அத்தை விஷயத்தில் நீ நடந்துகொண்டதை நான் முழுமனதோடு மன்னித்துவிட்டேன் என்று. நல்ல எழுத்தில், அடிக்கோடு போட்டு.

அந்த வாரம், எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் அதைப் பகிர்ந்துகொண்டேன். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி, “எனக்கெல்லாம் இந்த மனசு வராதுங்கக்கா” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படிக் குனிவது எனக்கு நன்றாக வரும்.

பொங்கல் கழிந்து சவரி ஏற்காட்டுக்கு வந்தபோது ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்தார். “லூர்து குடுக்கச் சொன்னாங்கண்ணி. என்னன்னு கேட்டேன், உங்கண்ணிக்குத் தெரியும்னு சொல்லிட்டா.”

உள்ளே என் கார்டுதான். இலை அப்படியே இருந்தது. வாழ்த்து இருந்தது. நான் மன்னித்த வரி மட்டும் இல்லை. அது இருந்த இடத்தைக் கத்தரியால் நான்கு பக்கமும் நேராக, நூல் பிடித்த மாதிரி வெட்டி எடுத்திருந்தாள். கூடவே ஒரு சீட்டு.

“அக்கா, எலை நொம்ப நல்லாருக்குது. எனக்கு வேண்டாதத மட்டும் வெட்டி அடுப்புல போட்டுட்டேன். மீதி உங்களுது.”

யாருடைய பாவம்

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. “மன்னிச்சது ஒரு குத்தமா?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “அவ கேட்டாளா?” என்றார்.

“என்னத்தைங்க?”

“மன்னிப்பு.”

அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பேசினால் இப்படித்தான், வளைவில் பிரேக் போட்ட மாதிரி.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலிட்டு, என் ஓரகத்தி என் கார்டை வெட்டியதில் தொடங்கி, அத்தையைப் பார்க்க வராதது, சாவு வீட்டில் தள்ளி நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். வயதான ஃபாதர். நடுவில் குறுக்கிடவேயில்லை. முடித்ததும், மெதுவாகச் சொன்னார்:

“அம்மா, இது அவங்களோட பாவமுங்களே. அவங்க வந்து சொல்லிக்குவாங்க. உங்களோடதச் சொல்லுங்க.”

என்னுடையது என்ன என்று தேடினேன். பக்கத்து வீட்டுக் கோழியை விரட்டியது, ஒரு வெள்ளிக்கிழமை மறதியாகக் கறிக்குழம்பு வைத்தது, இப்படி எதையோ சொல்லப் போனேன். அதற்குப் பதில் அந்தத் தூக்குப்போசி நினைவுக்கு வந்தது. அதைச் சுற்றியிருந்த துண்டு, அதன் சூடு. வாசற்படி. நர்சம்மா சொல்லாததை நான் சொன்னது.

அதற்கும் பின்னால் இன்னொன்று இருந்தது. அதை நான் யாரிடமும், வீட்டுக்காரரிடமும்கூடச் சொன்னதில்லை. அத்தை தினமும் சாயங்காலம் பஸ் ஹார்ன் கேட்டால் கேட்பார்: “சின்னவ பஸ்ஸு ஏறிட்டாளா?” நான் தலையணையைச் சரிசெய்துகொண்டே, “அவளுக்கு எங்க நேரம், அத்தை” என்பேன். லூர்து வந்து திரும்பிப் போன அன்றும் அப்படித்தான் சொன்னேன். சூப்பை நான் வைத்ததாகச் சொல்லி ஊட்டினேன். “ருசியா வெச்சிருக்கே, பெரியவளே” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதர் பாவமன்னிப்புக் கொடுத்தார். பிறகு, “ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சு. இது போய்ச் சேர வேண்டிய ஆள் இன்னொருத்தர் இருக்காங்க” என்றார்.

கொட்டச்சேட்டு பஸ்

உடனே போயிருக்க வேண்டும். போகவில்லை. ஈஸ்டர் ஞாயிறு வந்தது, கோடைவிழாக் கூட்டம் வந்து போனது, மழை வந்தது. ஒவ்வொன்றும் ஒரு சாக்கு. லூர்து என்ன சொல்வாள் என்ற பயம் இல்லை. அதைவிடச் சின்னதான ஒரு பயம். இது வெளியே தெரிந்தால் கோயிலில் என் பெயர் என்ன ஆகும் என்பது.

நவம்பரில் கார்டுக்கு உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. இலையைத் திருப்பி ஒட்டிப் பார்த்தேன், நட்சத்திரம் வைத்துப் பார்த்தேன். எல்லாம் பொய்யாகத் தெரிந்தது. பெட்டியைக் கிளறும்போது லூர்து அனுப்பிய பழைய கார்டு கையில் வந்தது. அதைத் தூக்கிப் பிடித்தேன். வெட்டிய இடம் வழியாகப் பின் அறைச் சுவர் தெரிந்தது. கட்டில் கிடந்த இடத்தில், அத்தை தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய்க் கறை படிந்த இடம்.

அந்தக் கார்டில் என் கைப்பட்டதிலெல்லாம் பார்க்க ஒன்றுமில்லை. அவள் வெட்டிய இடத்தில்தான் ஏதோ தெரிந்தது. இந்த வருடத்துக் கார்டுகள் எல்லாவற்றிலும் அதே அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினேன். சுற்றிலும் சட்டம் மாதிரி சில்வர் ஓக் இலை. உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

லூர்துவின் கார்டைத் தபாலில் போடாமல், அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவள் வீட்டு வாசல் களத்தில் காப்பிப் பழத்தைக் கொட்டி வைத்து, காயும் பழமுமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“வாங்கக்கா. மன்னிக்கறதுக்கு வேற ஏதாச்சும் பாக்கியிருக்குதுங்களா?”

“இல்ல, லூர்து.”

“ஒக்காருங்க. பாய் வேணுமுங்களா? தரை ஜில்லுன்னு இருக்கும்.”

பாய் வேண்டாமென்று எதிரே உட்கார்ந்து நானும் காய் பொறுக்க ஆரம்பித்தேன். கை வேலை செய்தால்தான் வாய் வரும்போல் இருந்தது.

“அன்னைக்கு அத்தை தூங்கல, லூர்து.”

“தெரியும். இருமுனது கேட்டுது.”

அத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. நான் அவளைப் பற்றி ஊரெல்லாம் சொன்னபோதும் சொல்லவில்லை.

“அப்பவே கேட்டிருக்கலாமில்ல?”

“என்னன்னுங்க கேக்கறது? அவங்களே என்னைப் பாக்க வேண்டாம்னு சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சுட்டேன். எப்பவும் நீங்கதான அவங்களுக்குப் பெரியவ.” ஒரு பச்சைக் காயை எடுத்து ஓரமாகப் போட்டாள். “அதனால பொறவு வரல.”

அப்போதுதான் புரிந்தது, நான் பூட்டி வைத்திருந்தது எதை என்று.

“தினமும் உன்னைக் கேட்டாங்க” என்றேன்.

அவள் கை நின்றது. “யாரு?”

“அத்தை. சாயங்காலம் பஸ்ஸு சத்தங் கேட்டா போதும். ‘சின்னவ பஸ்ஸு ஏறிட்டாளா’ன்னு கேப்பாங்க. நான் உனக்கு நேரமில்லைன்னு சொல்லிட்டேன். நீ வந்துட்டுப் போனன்னும் சொல்லல. உன்ற சூப்ப நான் வெச்சதாச் சொல்லித்தான் குடுத்தேன்.”

“குடிச்சாங்களா?”

“முழுசும். ருசியா இருக்குதுன்னாங்க.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கொண்டு போயிருந்த வார்த்தைகள் எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை. “தப்பு முழுக்க என்னோடது, லூர்து. எல்லார்த்துகிட்டயும் சொல்லீர்றேன்” என்று மட்டும் சொன்னேன். கார்டை அவள் பக்கத்தில் வைத்தேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்டை எடுத்தாள். விரலை ஜன்னலுக்குள் விட்டுப் பார்த்தாள்.

“இதுல எழுத்தக் காணமே.”

“நீ வெட்டற வேல வேண்டாம்னு நானே வெட்டிட்டேன்.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கக்கா. பனி எறங்குது. போயிட்டு வாங்க” என்றாள்.

அன்று நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தைகள். வேண்டுமென்று சொன்னாளா என்று தெரியாது. எதுவானாலும் எனக்கு அது வேண்டியதுதான். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மீதி

அதற்கு மறுநாள்தான் நான் தபால் ஆபீசில் நின்றது. ஜன்னலில் என்ன தெரியும் என்று அந்த அண்ணன் கேட்டபோது எனக்கே தெரியாமல்தான் இருந்தது.

அந்த வாரம் அன்பியத்தில், போன வருடம் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். இந்த முறை யாரும் மூக்கைச் சிந்தவில்லை. ஒரு அம்மா, “செரி விடுங்க” என்று ஜெபமாலையை ஆரம்பித்தார். திரும்பி வரும்போது என்னோடு வழக்கமாக வருகிறவர்கள் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். நான் மெதுவாகவே நடந்தேன். அப்படி நடந்து வந்தது நன்றாகத்தான் இருந்தது.

கொட்டச்சேட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மன்னிப்பு அவளுடையது. கொடுப்பதும் கொடுக்காததும் அவள் பாடு. அதை எழுதி அவள் கையில் திணிக்கிற வேலையை நான் ஒருமுறை செய்தாயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம். குடில் ஜோடித்து முடித்து, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரரின் போன் அடித்தது. அவர் கை முழுக்கக் கலர்ப் பொடி; நான்தான் எடுத்தேன்.

சவரி. சத்தம் விட்டுவிட்டு வந்தது. மலையில் எப்போதும் அப்படித்தான்.

“அண்ணி, அண்ணன்கிட்டச் சொல்லி பஸ் ஸ்டாண்டுக்கு ஆளனுப்புங்க. லூர்து தூக்குப்போசியோட வர்றா. கையில சூடு, தனியா எறங்கச் செரமப்படுவா.”

“எப்ப வர்றா?”

“இப்பத்தாங்க பஸ்ஸு ஏறுனா.”

போனை வைத்துவிட்டு, அரிசி களைந்த ஈரக் கையோடு பின் அறைக்குப் போனேன். கொடியில் மிச்சம் ஒன்றிரண்டு கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில் கிடந்த இடத்துக்கு நேரே, சுவரில் அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்து நின்றேன்.

“அத்தை” என்றேன், “சின்னவ பஸ்ஸு ஏறிட்டா.”